கூந்தல் பாறைக்காரர்

என் மைத்துனர் வாயைத் திறந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சாமி கூடிவிடும். இது ஜீப் ஓட்டுகிறவர்கள் சொல்வது. நான் சொல்லத் தொடங்கினால் இன்னும் மோசமாக இருக்கும். இருபது வருடம் அந்த வாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவன் நான்.

மைத்துனர் என்றால் என் மனைவியின் அண்ணன். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, புராணம் என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. "புராணம் வந்தாச்சா?" என்று ஜீப் நிறுத்தத்தில் யாராவது கேட்டால், மாலை போட்டு வரவேற்ற மாதிரி கையைத் தூக்கிக் காட்டுவார். சூடு சொரணை உள்ள மனிதராக இருந்தால் அன்றே வேறு வேலை தேடியிருப்பார்.

வேறு வேலையும் பார்த்தவர்தான். பார்த்த இடத்தில் எல்லாம் இரண்டு மாதம். கடிகாரம் பழுது பார்க்கும் கடையில், கடிகாரம் கொடுக்க வந்தவர்களை உட்கார வைத்துக் கதை அளந்ததில் அவர்கள் பஸ்ஸைத் தவற விட்டார்கள். பூங்காவில் டிக்கெட் கிழிக்கப் போட்டார்கள். வரிசை கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது, இவர் முதல் ஆளோடு பேசி முடிக்கவில்லை. கடைசியில் சுற்றுலா அலுவலகத்தில் வழிகாட்டிப் பரீட்சை எழுதினார். மலையின் உயரம் எவ்வளவு, மரங்கள் எத்தனை வகை என்று கேட்ட தாளில் ஒன்றுக்கும் விடை எழுதவில்லை. நேர்முகத்தில் நாற்பது நிமிடம் பேசினார். இந்த ஆளை வெளியே அனுப்பினால் போதும் என்று அதிகாரி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டதாக நான் நினைக்கிறேன். அன்றிலிருந்து சட்டையில் ஒரு பித்தளை பேட்ஜ்.

பள்ளத்தாக்கை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று மலைகள், நடுவில் ஓர் ஆறு, தலைமாட்டில் ஓர் அருவி. காலையில் பனி கீழே படுத்துக் கிடக்கும், பத்து மணிக்கு எழுந்து போகும். உச்சியில் சிவன் தவம் இருந்தார், அவரைத் தேடி அம்பாள் இந்த ஆற்றோடு நடந்து வந்தாள், ஏழு முனிவர்கள் அவளுக்கு வழி சொன்னார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. ஒரு பள்ளத்தாக்குக்கு அது போதும். புராணத்துக்குப் போதவில்லை. அவர் பேட்ஜ் குத்தியபோது மூன்று இடங்கள் இருந்தன. கடைசியில் எண்ணிப் பார்த்தபோது இருபத்துநான்கு.

அவர் வேலை செய்யும் விதம் இது. ஜீப்பின் முன் சீட்டில் பின்பக்கம் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்துகொள்வார். முதல் இரண்டு வளைவுகள் வரைக்கும் கதையே கிடையாது, வெறும் விசாரிப்பு. எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள். யார் யாரோடு பேசாமல் வருகிறார்கள் என்பதை மட்டும் கேட்க மாட்டார், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். மூன்றாவது வளைவில் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு கதை வந்து இறங்கும். பல் டாக்டர் குடும்பம் வந்தால், ஒரு முனிவருக்குப் பல் வலித்த குகை. வக்கீல் வந்தால், இரண்டு தேவர்கள் எல்லைத் தகராறு தீர்த்துக்கொண்ட மேடு. புதிதாகக் கல்யாணமாகி முதல் சண்டையோடு வந்த ஜோடிக்கு, சிவனும் அம்பாளும் கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இரட்டைக் கல். "யாரு முதல்ல திரும்பினாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு நிறுத்திவிடுவார். பதில் சொல்லாமலே இறங்கிப் போவார்கள். திரும்பி வரும்போது அந்த இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் இருப்பார்கள். புராணத்துக்கு அதில் ஒரு பெருமை.

வருகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆபீஸில் லீவு கேட்டு, புது ஷூ வாங்கி, ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். இறங்கியதும் மலைக்கு முதுகைக் காட்டிப் படம் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சாமி வேண்டும் அவர்களுக்கு. சும்மா கல் என்றால் முகம் சுருங்கிப் போகும். இப்படிப்பட்டவர்களின் காதில் பூச்சுற்ற என் மைத்துனர் மாதிரி ஆள்தான் லாயக்கு.

இப்போது பாறைக்கு வருகிறேன். என் வீட்டுக்கு நேர் எதிரில், ரோட்டின் அந்தப் பக்கம், இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பாறை நின்றது. மேலிருந்து எப்போதும் தண்ணீர் கசியும். கசிந்த இடமெல்லாம் பாசி பிடித்து, மேலிருந்து கீழ் வரை கறுப்புக் கோடுகள். ஜீப் டிரைவர்கள் அவசரத்துக்கு ஒதுங்கும் இடம் அது. பாறையின் பெருமை அன்றைக்கு அவ்வளவுதான்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நாள் பனி பத்து மணிக்கு எழுந்து போகவில்லை. மதியம் வரை அருவி தெரியவில்லை, மலை தெரியவில்லை, எதிரில் வருகிற ஜீப்பே தெரியவில்லை. ஒரு பாங்கி ஊழியர்கள் கூட்டம், பன்னிரண்டு பேர், என் வீட்டு வாசலில் இறங்கி நின்று புராணத்தைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார்கள். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று ஒரு பெண்மணி பனியைக் காட்டிக் கத்தினார். அந்த அம்மாளுக்கு முழங்கால் வரை முடி. புராணம் அந்த முடியைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார்.

"பனி எதுக்கு இறங்கியிருக்குன்னு தெரியாம கோவப்படாதீங்கம்மா," என்றார். "அம்பாள் ஆத்துல குளிச்சுட்டு வந்து இந்தப் பாறையிலதான் தலை உலர்த்துவா. யாரும் பார்த்துடக் கூடாதுன்னு மலைமகளுக்கு மலையே போட்டுவிட்ட திரை இது. அதோ பாருங்க, கூந்தல் பட்ட தடம். இன்னும் ஈரம் காயல."

பன்னிரண்டு பேரும் பாறைப் பக்கம் திரும்பினார்கள். கத்திய பெண்மணி ரோட்டைத் தாண்டிப் போய்ப் பாறையில் கை வைத்தார். கை நனைந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்துப் பாறையின் இடுக்கில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். அந்தச் சீப்பு புராணம் சொன்னதல்ல, அந்த அம்மாளின் சொந்தச் சரக்கு. பைத்தியம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் வேகம் அப்படி.

ஒரு வருடத்துக்குள் பாறை இடுக்கெல்லாம் சீப்பு. முடி கொட்டுகிறவர்கள், கொட்டிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள், கொட்டி முடித்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். வழுக்கைத் தலையர் ஒருவர் ஒரு டஜன் சீப்பு வைத்துவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்தேன். வாசல் அறையில் நான் ஒரு சின்னக் கடை போட்டேன். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், டார்ச் லைட் செல். பிறகு சீப்பும். கேட்கிறார்கள், விற்கிறேன். விற்பவன் எந்தக் கதையும் சொல்லவில்லையே.

"அண்ணன் புளுகறான்னு நாள் பூரா திட்டறீங்க. இந்தச் சீப்பு மூட்டையை யாரு தோள்ல தூக்கிட்டு வந்தது?" என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள்.

"கடைன்னா எல்லாம்தான் இருக்கும்."

"அப்ப அண்ணன் வாய்ன்னா எல்லாம்தான் வரும்," என்றாள். அண்ணனும் தங்கையும் ஒரே வார்ப்பு.

வீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. அது நான் கட்டிய வீடு. லாட்ஜில் ரூம் பையனாகச் சேர்ந்து மேனேஜராகி வெளியே வந்தவன் நான். பதினான்கு வருடம் அடுத்தவர் படுக்கைக்கு விரிப்பு மாற்றிய கையோடு ஆற்றிலிருந்து கல் எடுத்து வந்து சுவர் எழுப்பினேன். மூன்று அறை. ஒன்றில் நாங்கள், மற்ற இரண்டும் வந்து தங்குகிறவர்களுக்கு. எங்கள் அறையின் ஜன்னல் சட்டத்தை நானே இழைத்தேன், கொஞ்சம் கோணல். அந்த வீட்டைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது.

அறைகளுக்காக ஒரு அட்டை அச்சடித்தேன். உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் பாறையின் படம், மறு பக்கம் நான் எழுதிய வாசகம்: 'பழங்காலக் கல்வெட்டுகளில் குறிப்பிடப்பட்டுள்ள, அம்பாள் கூந்தல் உலர்த்திய திருப்பாறைக்கு நேர் எதிரில். வெந்நீர் வசதி உண்டு.' கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்று மட்டும் கேட்டார்கள்.

போன வருடம் ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். முக்காலியில் ஏதோ கருவியை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார் இன்ஜினியர். எங்கள் வளைவில் பன்னிரண்டு அடி போதவில்லை. பாறை ஒரு பக்கம், என் வீடு மறு பக்கம். சிவப்புப் பெயின்டில் பாறையின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். வெடி வைத்து எடுத்துவிடுவார்களாம். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பாறை போனால் சீப்பு வியாபாரம் போகும், ஆனால் பெரிய பஸ்கள் வரும், அறை காலியாகவே இருக்காது. அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

மூன்று வாரத்தில் எல்லாம் தலைகீழானது. வருடா வருடம் வரும் தலைமையாசிரியை ஒருவர் உண்டு, ஓய்வு பெற்றவர். பெரிய நோய் ஒன்றில் முடியெல்லாம் உதிர்ந்து, பாறைக்கு வந்துபோன பிறகு திரும்ப முளைத்ததாம். நோய் குணமானால் முடி முளைக்கும், இதற்கு அம்பாள் எதற்கு? அதை அந்த அம்மாளிடம் யார் சொல்வது? பெருக்கல் குறியைப் பார்த்ததும் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். நாற்பது வருடம் பிள்ளைகளை மிரட்டிய கை, சும்மா இருக்குமா? ஆயிரக்கணக்கில் கையெழுத்து. மேலிடத்துக்குக் கடிதம். சாலைத் துறை பயந்துவிட்டது. சாமி கும்பிடும் பாறையில் கை வைத்து யார் கெட்ட பெயர் வாங்குவது? ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்தபோது பாறையில் இருந்த குறியைக் கறுப்புப் பெயின்டால் அடித்திருந்தார்கள். சிவப்புக் குறி என் வீட்டுச் சுவரில் இருந்தது, எங்கள் படுக்கை அறை ஜன்னலுக்குக் கீழே.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நேராகப் புராணத்தின் வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் ஜீப் உதிரிபாகக் கடைக்கு மேலே ஓர் அறை. எந்நேரமும் டீசல் வாடை. ஒரு மூலையில் அவர் மனைவியின் தையல் மெஷின், எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி முன் நின்றுதான் கதைகளைப் பேசிப் பார்ப்பாராம். மனிதருக்கு மூளை இருந்தால் அதே கண்ணாடியில் முகத்தையும் பார்த்திருப்பார்.

"மச்சான், நாளன்னிக்கு அதிகாரிங்க எல்லாம் பாறைகிட்ட விசாரணைக்கு வர்றாங்க. நீங்க வந்து உண்மையைச் சொல்லணும்," என்றேன்.

"எந்த உண்மை மாப்பிள்ளை?"

"அந்தக் கதை உங்க வாயிலேருந்து வந்ததுன்னு."

அவர் பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பாறை பொய்னு நானே சொன்னா, அடுத்த வாரம் மத்த இருபத்திமூணும் பொய்னு ஆயிடும். அப்புறம் யாரு என்னை ஜீப்புல ஏத்துவாங்க? எனக்கு வேற என்ன தெரியும்?"

"இத்தனை நாள் ஊரை ஏமாத்துனீங்க. ஒரு நாள் உண்மை பேசினா நாக்கு அழுகிடாது. உங்க வாயால என் வீடு போகுது, தெரியுதா? ஒரு செங்கல் எடுத்து வச்சிருக்கீங்களா நீங்க வாழ்க்கையில? உட்கார்ந்து பேசியே பிழைச்ச ஜென்மம்!"

இன்னும் பேசினேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. தையல் மெஷின் நின்றது. அவர் மனைவி நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, "போய்ச் சொல்லுங்க. உங்க தங்கச்சி தெருவுல நிக்கணுமா?" என்றார்.

புராணம் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். "வர்றேன் மாப்பிள்ளை," என்றார்.

விசாரணை பாறைக்கு முன்னால் நடந்தது. ரோட்டோரம் போட்ட நாற்காலிகள்கூட என் வீட்டு நாற்காலிகள். இன்ஜினியர், சுற்றுலா அதிகாரி, தலைமையாசிரியை மூவரும் உட்கார்ந்தார்கள். பின்னால் டிரைவர்கள், சீப்போடு வந்து மாட்டிக்கொண்ட ஒரு வேன் கூட்டம். என் மனைவி வீட்டு வாசலில் நின்றாள்.

புராணம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார். கையை ஆட்டாமல் அவர் பேசி நான் பார்த்ததில்லை. "சார், இந்தப் பாறைக்கு ஒரு கதையும் கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் பனி விலகல. வந்தவங்க கோவப்பட்டாங்க. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான்."

ஒருவரும் நம்பவில்லை. இருபது வருடமாக எதைச் சொன்னாலும் நம்பிய ஜனம், முதல் தடவையாக உண்மையைச் சொன்னதும் சந்தேகப்பட்டது. "தங்கச்சி வீடு போகுதில்ல, பாவம், நெருக்கிப் பேச வச்சிருக்காங்க," என்றார் தலைமையாசிரியை. வேன் கூட்டம் தலையாட்டியது.

"சத்தியமா பொய்ம்மா."

"அப்ப மத்த இடமெல்லாம்?" என்று கேட்டார் சுற்றுலா அதிகாரி.

புராணம் டிரைவர்களைத் திரும்பிப் பார்த்தார். "இருபத்தொண்ணு என் கைச்சரக்கு சார். மூணுதான் நிஜமான பழைய கதை."

வேன் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். தலைமையாசிரியை அசையவில்லை. கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். நான் அச்சடித்த அட்டை.

"இவர் வாய்ல வர்றது பொய்யாவே இருக்கட்டும். இதுல கல்வெட்டுன்னு அச்சடிச்சிருக்கே? கல்லுல வெட்டினது இவர் வாய்ல வந்ததா?"

இன்ஜினியர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "கல்வெட்டு இருக்குன்னா நாங்க பாறையைத் தொடவே முடியாது. தொல்லியல் துறைக்கு எழுதிப் போட்டு, அவங்க வந்து பார்த்து, அது வருஷக்கணக்கு. ரோடு அது வரைக்கும் நிக்காது, வீட்டுப் பக்கம்தான் போகும். இது யார் எழுதினது?"

"பொய்யா எழுதினதுன்னா அறை வாடகைக்கு விடற அனுமதியும் போகும், கேஸும் வரும்," என்று சுற்றுலா அதிகாரி சேர்த்துக்கொண்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதினேன், கல்வெட்டு என்று ஒன்றும் கிடையாது என்று சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியம். இரண்டு நாள் முன்பு ஒரு மனிதனை நிற்க வைத்து, உண்மை பேசினால் நாக்கு அழுகாது என்று சொன்னவன் நான்.

"எல்லாம் மச்சான் சொன்னதுதான் சார்," என்றேன். "நான் அப்படியே அச்சடிச்சேன்."

புராணம் கை நீட்டி அட்டையை வாங்கினார். அவர் அதைப் படித்ததே இல்லை. மூக்குக் கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்து உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கல்வெட்டு என்ற இடத்தில் உதடு நின்றது எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். வீட்டு வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார்.

"ஆமா சார். கல்வெட்டும் நான் சொன்னதுதான். அப்படி எங்கயும் கிடையாது," என்றார். "மாப்பிள்ளைக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவர் நேர்மையான மனுஷன். என்னை நம்பி எழுதிட்டார்."

அவர் வாழ்நாளில் சொன்ன புளுகிலேயே இதுதான் பெரியது. பல் வலித்த முனிவரைப் பற்றிக்கூட யாராவது ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்டிருக்கிறார். இதை ஒரு ஆள்கூடக் கேள்வி கேட்கவில்லை. தலைமையாசிரியை என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "இவரையுமா ஏமாத்திட்டான்," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நேர்மையான மனிதன் அந்த நேரத்தில் அப்படித்தானே நிற்பான்.

பேட்ஜை அங்கேயே கழற்றச் சொன்னார்கள். ஊசி துருப்பிடித்திருந்தது, வரவில்லை. புராணம் இழுத்தார், சட்டை கொஞ்சம் கிழிந்தது. அடுத்த வாரம் பாறையை நான்கு நாளில் எடுத்தார்கள். என் சுவரில் இருந்த குறியின் மேல் நானே வெள்ளை அடித்தேன். தலைமையாசிரியை போகும் முன் புராணத்தின் எதிரில் போய் நின்று, "நிஜமாவே பொய்யா?" என்று ஒரு தடவை கேட்டார். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வரவில்லை.

இப்போது அவர் ஜீப் நிறுத்தத்துக்குப் பின்னால் வண்டி கழுவுகிறார். ரப்பர் குழாய், வாளி, முழங்கால் வரை மடித்த பேன்ட். புராணம் என்று யாரும் கூப்பிடுவதில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் அவர்களுக்குத் தெரியவில்லை, விசில் அடிக்கிறார்கள். வண்டியில் வருகிறவர்கள் இறங்கி, அருவியைப் படம் பிடித்து, அரை மணி நேரத்தில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

என் மனைவி சண்டை போடவில்லை. அட்டைக்கு எழுதிய வாசகத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் சத்தமாகப் படித்துப் பார்த்தவளே அவள்தான். விசாரணை முடிந்த அன்று சாப்பாட்டை வைத்துவிட்டு, "கல்வெட்டு வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேன்," என்றாள். அதோடு சரி. அதற்குப் பிறகு உப்பு போதுமா என்றுகூட அவள் கேட்பதில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சுற்றுலா அலுவலகத்தின் வாசல் வரை நான் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டார், ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தேன். இருபது வருடம் ஒருவனைக் கேவலமாக நினைத்துப் பழகிவிட்டால், அந்தப் பழக்கம் ஆளை மாற்றிக்கொண்டு நம் மேலேயே திரும்பும்போது தாங்க முடிவதில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவர் வீட்டுக்கு வந்தார். பேன்ட் நனைந்திருந்தது. கையை உதறிக்கொண்டு, "வெடி வச்சதுல சுவர்ல விரிசல் ஏதாவது விட்டிருக்கா மாப்பிள்ளை? பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார்.

விட்டிருந்தது. படுக்கை அறையில், ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் கீழே இறங்கி, பாதியில் இரண்டாகப் பிரிந்து, தரைக்குப் பக்கத்தில் மறுபடி ஒன்றாகச் சேர்ந்திருந்தது. அவர் குனிந்து விரலால் அதைத் தடவிக்கொண்டே வந்தார். பிரிந்த இடத்தில் விரல் நின்றது. சேர்ந்த இடத்துக்குப் போனது. நிமிர்ந்தார். முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வந்தது. வலது கை மெல்ல மேலே எழும்பியது.

என் மனைவி சமையலறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். நானும் காத்திருந்தேன். அந்த வாய் மூடாதா என்று இருபது வருடம் எரிச்சல்பட்டவன், அது திறக்க வேண்டுமே என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கை இறங்கிவிட்டது.

"மேலாகத்தான் விட்டிருக்கு. சிமென்ட் வச்சுப் பூசிடுங்க," என்றார்.

"என்னவோ சொல்ல வந்தீங்க மச்சான்."

"ஒண்ணும் இல்ல."

"சொல்லுங்க மச்சான். நாங்கதானே இருக்கோம்."

அவர் ஈரக் கையைச் சட்டையில், பேட்ஜ் கிழித்த இடத்தில், துடைத்துக்கொண்டார்.

"இல்ல மாப்பிள்ளை," என்றார். "வெறும் விரிசல்தான்."